புல்லரிப்புக்கு ஒரு பில்

என் வாக்கிங் நண்பர் ஒருவர். பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். மகன் வீட்டுக்கு டென்வர் போய் நான்கு மாதம் இருந்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து, பூங்காவில் மூன்று சுற்று முடிவதற்குள் முப்பது தடவையாவது 'அங்கெல்லாம் சார்...' என்று ஆரம்பித்துவிடுகிறார். போன வாரம் ஃபுட்பால் பார்த்த கதை வந்தது.

'பேருதான் சார் ஃபுட்பால். காலுக்கு அதுல வேலையே கம்மி. பந்தைக் கையில இடுக்கிக்கிட்டு ஓடறான், எதிர்ல வர்றவன் எருமை மாதிரி மோதித் தள்ளறான். ஆட்டம் எனக்குப் புரியலை. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்தது பாருங்க... மைதானம் பூரா ஒரே கொடி. சுத்தி நூறு பேர் ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. தேசிய கீதம் முடியற அந்த செகண்டுல தலைக்கு மேல நாலு ஜெட் விமானம் சர்ருனு போச்சு. அப்படியே புல்லரிச்சுப்போச்சு சார். தேசபக்தின்னா அது!'

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தோம். பிறகு அவரே தொடர்ந்தார்: 'இதுல போய் ஒருத்தன் முட்டி போட்டு கலாட்டா பண்ணினானாமே, காப்பர்னிகஸோ என்னமோ பேரு. விளையாடற இடத்துல எதுக்கு சார் அரசியல்?'

நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிகிறது. பதில் சொல்ல எனக்கு ஒரு சுற்று போதவில்லை. அதனால் இந்த வாரம் பக்கம் முழுக்க அவருக்குத்தான்.

காப்பர்னிகஸ் இல்லை. காலின் கேப்பர்னிக். 1987-ல் பிறந்தவர். பெற்ற அம்மா வெள்ளை இனம், அப்பா கறுப்பினம். தத்தெடுத்து கலிஃபோர்னியாவில் வளர்த்தது ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. சான்ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியில் குவார்ட்டர்பேக். இந்த குவார்ட்டர்பேக் யார் என்றால், கிரிக்கெட்டில் கேப்டனும் ஓப்பனிங் பேட்ஸ்மேனும் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அது. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, தானே ஓடுவதா என்பதெல்லாம் இரண்டு மூன்று விநாடியில் அவர் எடுக்கிற முடிவு. 2013 பிப்ரவரியில் அணியை சூப்பர் பௌல் என்கிற இறுதிப் போட்டி வரை கொண்டுபோய், 34-31 என்று மூன்றே பாயின்ட்டில் தோற்றார்.

2016 ஜூலையில் அமெரிக்காவில் அடுத்தடுத்த நாட்களில் இரண்டு கறுப்பர்களை போலீஸ் சுட்டுக் கொன்றது. ஒருவர் லூசியானா மாநிலத்தில், இன்னொருவர் மினசோட்டாவில். இரண்டுமே செல்போன் வீடியோவாக உலகம் முழுக்க ஓடின. அதற்கடுத்த நாள் டல்லாஸில் ஒருவன் பழிவாங்குகிறேன் என்று ஐந்து போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்றான். நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம்.

அந்த ஆகஸ்டில், சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில், தேசிய கீதம் ஒலித்தபோது கேப்பர்னிக் எழுந்து நிற்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதலில் ஒருத்தரும் கவனிக்கவில்லை! ஆகஸ்ட் 26 ஆட்டத்தில்தான் ஒரு நிருபர் கவனித்துக் கேட்டார். 'கறுப்பின மக்களை ஒடுக்குகிற நாட்டின் கொடிக்குப் பெருமை காட்டி நிற்க என்னால் முடியாது' என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

அடுத்து நடந்தது பலருக்குத் தெரியாது. நேட் பாயர் என்று ஒருவர். அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் படையில் இருந்தவர். போர்முனைக்குப் போய் வந்து, பிறகு கொஞ்ச காலம் ஃபுட்பாலும் ஆடியவர். 'நீங்கள் உட்கார்ந்திருப்பது எனக்கு வலிக்கிறது, ஆனாலும் உங்கள் தரப்பைக் கேட்கத் தயார்' என்று ஒரு ராணுவப் பத்திரிகையில் கேப்பர்னிக்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். இருவரும் சந்தித்துப் பேசினார்கள். உட்காருவதற்குப் பதில் ஒற்றை முழங்காலில் இருக்கலாமே என்று யோசனை சொன்னவர் அந்த ராணுவ வீரர்தான். இறந்த தோழனின் கல்லறை முன் சிப்பாய் அப்படித்தான் மண்டியிடுவான். ஃபுட்பாலிலும் ஒருவன் அடிபட்டு விழுந்தால் மற்றவர்கள் ஒற்றை முழங்காலில் காத்திருப்பது வழக்கம்.

நமக்கு முட்டி போடுவது என்றால் கணக்கு வாத்தியார் ஞாபகம்தான் வரும். அங்கே அதற்கு அர்த்தம் வேறு. 'இங்கே ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான், கொஞ்சம் நில்லுங்கள்.'

2016 செப்டம்பர் 1, சான்டியேகோ. கேப்பர்னிக்கும் சக வீரர் எரிக் ரீடும் மண்டியிட்டார்கள். பக்கத்திலேயே நெஞ்சில் கை வைத்து நின்றார் பாயர். ஒருவர் நின்றார், ஒருவர் மண்டியிட்டார், ஒருத்தரை ஒருத்தர் மதித்தார்கள். அமெரிக்கா அந்த ஒரு படத்தை ஒழுங்காகப் பார்த்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

சரி, நண்பரின் கேள்விக்கு வருவோம். விளையாடற இடத்துல எதுக்கு அரசியல்?

அவருக்குப் புல்லரித்த அந்தக் காட்சிக்கு ஒரு பில் இருக்கிறது. கற்பனை இல்லை, நிஜமான பில். 2015 நவம்பரில் ஜான் மெக்கெய்ன், ஜெஃப் ஃப்ளேக் என்ற இரண்டு செனட்டர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இரண்டு பேருமே குடியரசுக் கட்சி. மெக்கெய்ன் வியட்நாமில் ஐந்தரை வருடம் போர்க் கைதியாகச் சித்திரவதைப்பட்டவர். அவரைப் பார்த்து யாரும் தேசத்துரோகி என்று சொல்லிவிட முடியாது.

அறிக்கை சொன்ன விஷயம் இது. 2012 முதல் நான்கு வருடங்களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை விளையாட்டு அணிகளோடு போட்ட விளம்பர ஒப்பந்தங்களின் மொத்தச் செலவு 5 கோடியே 30 லட்சம் டாலர். செனட்டர்கள் பிரித்துப் பார்த்த ஒப்பந்தங்கள் 122. அதில் 72-ல் தேசபக்திக் காட்சிகளே விலைப்பட்டியலில் இருந்தன. மைதானம் நிறைய கொடி விரிப்பது, வீரர்களைக் கௌரவிப்பது, மைதானத்திலேயே ராணுவத்தில் சேரும் உறுதிமொழி எடுப்பது, தேசிய கீதம் பாட ஆள் அனுப்புவது எல்லாம். இதற்காக மட்டும் சுமார் 68 லட்சம் டாலர். ஃபுட்பால், பேஸ்பால், கூடைப்பந்து, ஹாக்கி என்று எந்த ஆட்டமும் பாக்கியில்லை. பேஸ்பாலில் ஒரு அணி, ஞாயிற்றுக்கிழமைகளில் தேசபக்திப் பாட்டுப் பாடுவதற்கு அந்த மாநில ராணுவப் படையிடம் 49,000 டாலர் 'ஸ்பான்ஸர்ஷிப்' வாங்கியிருந்தது.

ஸ்டேடியத்தில் 'இதோ நம் ஊர் வீரன்!' என்று அறிவித்ததும் எழுபதாயிரம் பேர் எழுந்து கைதட்டினார்களே, அவர்களில் எத்தனை பேருக்கு அது விளம்பரம் என்று தெரியும்? அணி முதலாளி தன் நன்றியுணர்ச்சியில் செய்கிறார் என்றுதானே நினைத்திருப்பார்கள்? அந்தச் சிப்பாய்க்கும்கூடத் தெரிந்திருக்காது, பாவம். 2016 மே மாதம் என்.எஃப்.எல். தன் கணக்கைத் தணிக்கை செய்து 7,23,734 டாலரை அரசுக்குத் திருப்பிக் கொடுத்தது. கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்: மே மாதம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், ஆகஸ்டில் கேப்பர்னிக் உட்காருகிறார், உடனே 'மைதானத்தின் புனிதம் கெட்டுவிட்டது' என்று கூப்பாடு.

எல்லா மரியாதையும் காசுக்கு என்று நான் சொல்லவில்லை. ஜெட் விமானம் பறப்பது பெரும்பாலும் விமானிகளின் பயிற்சிக் கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறது. மகனைப் போர்முனையில் பறிகொடுத்த ஒரு தாய் அந்தக் கூட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டால் அது நூறு சதவிகிதம் நிஜம். நான் கேட்பது ஒன்றுதான். அரசாங்கம் காசு கொடுத்து மைதானத்துக்குள் கொண்டுவந்தது அரசியல் இல்லையா?

இது நேற்றைய பழக்கமும் இல்லை. 1918 செப்டம்பர், முதல் உலகப் போர் நேரம். சிகாகோவில் பேஸ்பால் இறுதித் தொடரின் முதல் ஆட்டம். கூட்டம் சுமார், உற்சாகமும் சுமார். ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் பேண்டு வாத்தியக்காரர்கள் 'ஸ்டார் ஸ்பேங்கிள்ட் பேனர்' வாசித்தார்கள். அப்போது அது தேசிய கீதம்கூட இல்லை, அந்த அந்தஸ்து வந்தது 1931-ல்தான். கடற்படையிலிருந்து லீவில் வந்து ஆடிக்கொண்டிருந்த ஒரு வீரர் சட்டென்று சல்யூட் அடித்தார். கூட்டம் பாட ஆரம்பித்தது, கடைசியில் ஒரே கைதட்டல். முதலாளிகள் விடுவார்களா? அடுத்தடுத்த ஆட்டங்களிலும் வாசித்தார்கள். தொடர் பாஸ்டனுக்குப் போனபோது பாட்டு ஆட்டத்தின் ஆரம்பத்துக்கே வந்துவிட்டது. காயம்பட்ட சிப்பாய்களுக்கு இலவச டிக்கெட்.

அதே தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? தங்களுக்கு வர வேண்டிய பங்குத் தொகையைக் குறைத்துவிட்டார்கள் என்று இரண்டு அணி வீரர்களும் ஆட வர மறுத்தார்கள். ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. அவர்களிடம் சொல்லப்பட்ட சமாதானம்: 'கேலரியில் காயம்பட்ட சிப்பாய்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்காக ஆடுங்கள்.' ஆடினார்கள். காசு வரவில்லை.

நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஃபார்முலா மாறவில்லை. மைதானத்தில் எவனாவது நியாயம் கேட்டால் சிப்பாயை முன்னால் நிறுத்து!

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் கொடிக்கென்றே ஒரு சட்ட விதிமுறை உண்டு. தண்டனை எதுவும் கிடையாது, ஆனால் விதி விதிதான். கொடியைப் படுக்கை வாட்டில் ஏந்திச் செல்லக்கூடாது என்கிறது. உடையாகப் போடக்கூடாது, காகிதக் கைக்குட்டை மாதிரி பயன்படுத்தித் தூக்கி எறிகிற பொருளில் அச்சடிக்கக்கூடாது என்றும் சொல்கிறது. மைதானம் முழுக்கக் கொடியைப் படுக்கப் போட்டு நூறு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்களே, அதுவே விதிப்படி தப்பு. மண்டியிடுவதைப் பற்றி? கொடி விதிமுறையில் பேச்சே இல்லை. கீதம் பாடும்போது எழுந்து நிற்க வேண்டும் என்று வேறு ஒரு விதி உண்டு, அதற்கும் தண்டனை கிடையாது. ஆக, இரு தரப்புமே விதியை மீறியது. ஒரு தரப்புக்குக் கைதட்டல், இன்னொரு தரப்புக்கு வேலை போச்சு.

2009 வரை பல இரவு ஆட்டங்களில் என்.எஃப்.எல். வீரர்கள் கீதத்தின்போது மைதானத்திலேயே இருந்ததில்லை. உடை மாற்றும் அறையில் இருப்பார்கள். டி.வி. நேரக் கணக்கு அப்படி. அப்போது யாருக்கும் தேசம் அவமானப்பட்டதாகத் தோன்றவில்லை.

நண்பர் இந்த இடத்தில் ஒரு நல்ல பாயின்ட் கேட்டார். 'சார், நான் முப்பத்தாறு வருஷம் பேங்க்ல இருந்தேன். கவுன்ட்டர்ல உக்காந்துக்கிட்டு இந்த மாதிரி எதிர்ப்பு காட்டியிருந்தா விட்டிருப்பாங்களா? சம்பளம் வாங்கற இடத்துல முதலாளி சொன்னதைக் கேக்கணும்ல?'

சட்டப்படி அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் பேச்சுரிமை அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளியை அல்ல. ஆனால் நான் திருப்பிக் கேட்டேன்: 'உங்க பேங்க்ல தினம் காலையில ஷட்டரைத் தூக்கறதுக்கு முன்னாடி தேசிய கீதம் பாடச் சொன்னாங்களா?' சிரித்துவிட்டார். அமெரிக்காவிலும் எந்த பேங்கிலும் சொல்வதில்லை. வேலை ஆரம்பிக்குமுன் தேசபக்தியை நிரூபித்துக் காட்டு என்று விளையாட்டுக்காரனிடம் மட்டும்தான் கேட்கிறார்கள்.

அந்தத் 'தனியார்' சமாசாரத்தையும் பார்க்கலாம். 2016-ல் இந்த மண்டியிடல் சர்ச்சை ஓடிக்கொண்டிருந்தபோதே, ரெய்டர்ஸ் அணிக்கு லாஸ்வேகாஸில் ஸ்டேடியம் கட்ட 75 கோடி டாலர் பொதுப்பணம் ஒதுக்கிச் சட்டம் போட்டது நெவாடா மாநிலம். கட்டும்போது ஊர் காசு, வாயை மூடச் சொல்லும்போது மட்டும் தனியார் சொத்து.

மண்டியிட்டவர்கள் யார், மண்டியிடாதே என்றவர்கள் யார் என்று பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும். அன்றைக்கு என்.எஃப்.எல். வீரர்களில் பத்துக்கு ஏழு பேர் கறுப்பர்கள். 32 அணிகளில் ஒன்றுக்குக்கூட கறுப்பின முதலாளி கிடையாது. 2017 அக்டோபரில் முதலாளிகள் கூட்டத்தில் ஹூஸ்டன் அணி உரிமையாளர் பாப் மெக்நேர், கைதிகள் சிறைச்சாலையை நடத்த விடக்கூடாது என்று ஓர் உவமை சொன்னார். விஷயம் வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டார். ஆனால் உவமை என்பது அவசரத்தில் வாயில் வருவது. மனசில் இருப்பதுதான் அவசரத்தில் வரும்.

அதற்கு ஒரு மாதம் முன்னால், செப்டம்பர் 22, அலபாமாவில் ஒரு கூட்டத்தில் பேசிய அதிபர் ட்ரம்ப், கொடியை மதிக்காத ஆட்டக்காரனை அணி முதலாளிகள் டிஸ்மிஸ் செய்ய வேண்டும் என்றார். அதில் தாயை இழுக்கும் ஒரு வசவும் சேர்ந்திருந்தது. ஒரு நாட்டின் அதிபர், மேடையில், மைக்கில்! அந்த ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேருக்கு மேல் மண்டியிட்டார்கள் அல்லது உட்கார்ந்தார்கள். அக்டோபரில் துணை அதிபர் பென்ஸ் இண்டியானாபொலிஸில் ஒரு ஆட்டத்துக்குப் போய், வீரர்கள் மண்டியிட்டதும் எழுந்து வெளியேறினார். அப்படி நடந்தால் வெளியேறச் சொல்லி நான்தான் முன்கூட்டியே சொல்லிவைத்தேன் என்று ட்ரம்ப்பே அறிவித்தார். விளையாட்டில் அரசியல் கூடாது என்கிறவர்கள் இதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

இதைவிட என் மனதை அறுத்தது பாட் டில்மன் கதை. அரிசோனா கார்டினல்ஸ் அணியின் வீரர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, கைக்கு வந்த 36 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை ஒதுக்கிவிட்டு 2002-ல் தம்பியோடு ராணுவத்தில் சேர்ந்தார். 2004 ஏப்ரல் 22, ஆப்கானிஸ்தானில் இறந்தார். எதிரிகளோடு வீரமாகப் போரிட்டு மடிந்தார் என்றது ராணுவம். பதக்கம் கொடுத்தது. நாடே டி.வி.யில் பார்க்க நினைவஞ்சலிக் கூட்டம் நடந்தது. சுட்டது சொந்தப் படையினர்தான், தவறுதலாக. ராணுவத்தில் மேலே இருந்தவர்களுக்கு இது சில நாட்களிலேயே தெரியும். குடும்பத்துக்குச் சொன்னது ஒரு மாதம் கழித்து, அஞ்சலிக் கூட்டமெல்லாம் முடிந்தபிறகு. அந்த உண்மைக்காக அவர் அம்மா வருடக்கணக்கில் போராடினார்.

2017-ல் மண்டியிடுபவர்களுக்கு எதிராக டில்மனின் படத்தைப் போட்டு 'கொடிக்காக எழுந்து நில்லுங்கள்' என்று ஒரு பதிவு சுற்றியது. ட்ரம்ப் அதைப் பகிர்ந்தார். டில்மனின் மனைவி மறுத்துச் சொன்னார்: அவருடைய சேவையை யாரையும் பிரிக்கிற அரசியலுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று. டில்மன் உயிரோடு இருந்தால் எந்தப் பக்கம் இருந்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன், யாருமே சொல்ல முடியாது. மைதானத்துக்கு வசதியும் அதுதான். இறந்தவன் எழுந்து வந்து மறுக்க மாட்டான். உயிரோடு இருக்கிறவன்தான் தொந்தரவு.

முகமது அலியை நினைத்துப் பாருங்கள். 1967-ல் வியட்நாம் போருக்குப் போக மறுத்தவரின் சாம்பியன் பட்டத்தைப் பிடுங்கினார்கள். மூன்று வருடத்துக்கு மேல் குத்துச்சண்டை மேடை ஏற விடவில்லை. 1971-ல் சுப்ரீம் கோர்ட் தண்டனையை ரத்து செய்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஜோதி ஏற்ற அதே அலியைக் கூப்பிட்டார்கள். கை நடுங்க அவர் ஏற்றியபோது உலகமே அழுதது. அதற்குள் பார்க்கின்சன் நோய் அவருடைய பேச்சைப் பெருமளவு பறித்துவிட்டிருந்தது.

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1943-ல், பள்ளிப் பிள்ளைகளைக் கொடி வணக்கம் செய்யும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. மத நம்பிக்கை காரணமாக வணங்க மறுத்த குழந்தைகளின் வழக்கு அது. போர் நடக்கும்போதே அப்படியொரு தீர்ப்பு என்பதுதான் பெரிய விஷயம். 42 வருடம் கழித்து கேரளத்தில், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்று, ஆனால் பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். நம் சுப்ரீம் கோர்ட் 1986-ல் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய அந்தத் தீர்ப்பு அமெரிக்கத் தீர்ப்பையும் எடுத்துக்காட்டியது. சகிப்புத்தன்மைதான் நம் மரபு, அதை நீர்த்துப்போக விடாதீர்கள் என்று முடித்தது.

அதே கோர்ட்தான் 2016 நவம்பரில் சினிமா தியேட்டர்களில் தேசிய கீதம் கட்டாயம் என்றது, 2018 ஜனவரியில் கட்டாயமில்லை என்று மாற்றியும் கொண்டது. நடுவில் அந்தப் பதிமூன்று மாதம் நானும் கையில் பாப்கார்னோடு எழுந்து நின்றவன்தான். நின்றபோது மனசில் இருந்தது தேசபக்தியா, பின் சீட்டுக்காரர் பார்க்கிறாரே என்ற பயமா என்று இன்றுவரை எனக்கே தெளிவில்லை. கட்டாயத்தில் இதுதான் கோளாறு. நிஜமாக நிற்கிறவனுக்கும் பயந்து நிற்கிறவனுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடுகிறது. நஷ்டம் நிஜமாக நிற்கிறவனுக்குத்தான்.

கேப்பர்னிக் எதிலும் தப்பே செய்யாதவர் என்று சொல்ல வரவில்லை. பயிற்சியின்போது போலீஸ் தொப்பி போட்ட பன்றிப் படங்கள் உள்ள காலுறை அணிந்தார். தப்பு. கெட்ட போலீஸ்காரர்களைத்தான் சொன்னேன் என்றார், ஆனால் படத்தில் நல்லவர் கெட்டவர் என்று எழுதியிருக்கவில்லையே! ஒடுக்குமுறையைப் பேசிக்கொண்டே ஃபிடல் காஸ்ட்ரோ படம் போட்ட டி ஷர்ட்டில் வந்தார். கியூபாவை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் நிறைந்த மயாமிக்காரர்கள் கொதித்தார்கள், நியாயம்தான். 2016 தேர்தலில் ஓட்டே போடவில்லை. ஆட்டமும் சரிந்துகொண்டிருந்தது. அந்த சீசனில் அவர் தொடங்கிய 11 ஆட்டங்களில் அணி ஜெயித்தது ஒன்றுதான்.

அதெல்லாம் சரி. ஆனால் அதே சீசனில் 16 டச்டவுன் பாஸ் எறிந்து, நான்கே நான்கு முறைதான் எதிரியிடம் பந்தைப் பறிகொடுத்தார். அவ்வளவு மோசமான குவார்ட்டர்பேக் இல்லை. அவரைவிடச் சுமாரானவர்களுக்கெல்லாம் வேலை கிடைத்தது. 2017 மார்ச்சில் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்த பிறகு 32 அணிகளில் ஒன்றுகூட அவரை எடுக்கவில்லை. வயது 29. முதலாளிகள் கூட்டுச் சேர்ந்து ஒதுக்குகிறார்கள் என்று புகார் கொடுத்தார். 2019 பிப்ரவரியில் சமரசம் ஆனது, தொகை ரகசியம். அதன்பின் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. தருவதாகச் சொன்ன பத்து லட்சம் டாலர் நன்கொடையை மட்டும் சொன்னபடி கொடுத்து முடித்தார்.

2018-ல் நைக்கி நிறுவனம் அவர் முகத்தை வைத்து, நம்பிக்கைக்காக எல்லாவற்றையும் தியாகம் செய்யச் சொல்லி விளம்பரம் செய்தது. அவருக்கும் காசு வந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் என்.எஃப்.எல். அணிகளுக்கு யூனிஃபார்ம் சப்ளை செய்வதும் அதே நைக்கிதான்! விரட்டினவனுக்கும் சட்டை, விரட்டப்பட்டவனுக்கும் ஷூ. வியாபாரம் என்றால் அது.

2020 மே 25. மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றார். அந்த முழங்காலைப் பார்த்த பிறகுதான் பலருக்கு இந்த முழங்கால் புரிந்தது. ஜூன் 5 அன்று என்.எஃப்.எல். கமிஷனர் ராஜர் குடெல் வீடியோவில் வந்து, வீரர்கள் சொன்னதை முன்பே கேட்காதது எங்கள் தவறு என்றார். கேப்பர்னிக் பெயரை மட்டும் சொல்லவில்லை. அந்த சீசனிலிருந்து மைதானத்தின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் 'இனவெறிக்கு முடிவு கட்டுவோம்' என்று பெயின்ட் அடித்தார்கள். 2025 பிப்ரவரி சூப்பர் பௌலில் அந்த வாசகம் இல்லை, 'அன்பைத் தேர்ந்தெடுப்போம்' என்று மாற்றியிருந்தார்கள். சமீபத்தில் நாட்டில் நடந்த துயரங்களை மனதில் வைத்து மாற்றினோம் என்றது நிர்வாகம். அந்த ஆட்டத்தைப் பார்க்க அதிபர் ட்ரம்ப் வந்திருந்தார். பதவியில் இருக்கும் அதிபர் ஒருவர் சூப்பர் பௌலுக்கு வந்தது அதுவே முதல் தடவை. இரண்டுக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை, போடவும் இல்லை. பெயின்ட் சீக்கிரம் அழியும் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது சுற்று முடிந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். நண்பர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'அப்ப எனக்குப் புல்லரிச்சது பொய்யா சார்?' என்று கேட்டார். குரலில் லேசாக வருத்தம்.

இல்லை. அவருக்குப் புல்லரித்தது நிஜம். அதை யார் காசுக்கு விற்றார்கள் என்பதுதான் கேள்வி. அவரவர் நாட்டை நேசிப்பதில் ஒரு தப்பும் இல்லை. டிக்கெட் வாங்கி மூன்று மணி நேரம் நிம்மதியாக ஆட்டம் பார்க்க வந்தவன், அரசியல் வேண்டாம் என்று சொன்னாலும் எனக்குச் சம்மதம்தான். ஆனால் ஒரு நிபந்தனை. கொடி, ஜெட், ஆள் சேர்ப்பு, அதிபர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு பந்தை மட்டும் வைத்து ஆடுங்கள், அப்போது மண்டியிடுகிறவனையும் வெளியே போகச் சொல்லலாம். அதெல்லாம் உள்ளே இருக்குமென்றால் இவனும் இருக்கட்டும்.

அந்தக் காட்சிகளை நடத்தியவர்கள் காசு வாங்கிக்கொண்டு நடத்தினார்கள். கேப்பர்னிக் தன் வேலையைக் கொடுத்துவிட்டு மண்டியிட்டார். இதில் யாருடையது வியாபாரம் என்று கண்டுபிடிக்க பேங்க் மேனேஜர் தேவையா என்ன?

நண்பர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். 'நாளைக்கு ஒரு சுத்து கூடப் போடலாம் சார். பதில் யோசிச்சுட்டு வர்றேன்' என்றார்.

வரட்டும். காத்திருக்கிறேன்.